வீட்டுக்குள் வளர்ப்புப் பாம்பு: டெல்டாவிலிருந்து பிரிட்டன் வந்தவர்களுக்கு

குறுவை அறுப்பு முடிந்து வைக்கோல் போர் பிரிக்கும்போது பாம்பு வருவது வலங்கைமானிலோ நீடாமங்கலத்திலோ ஒரு செய்தியே இல்லை. யாராவது மூங்கில் கழியை எடுப்பார்கள், காரியம் முடிந்துவிடும். இங்கே வாடகை வீட்டில் ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் நாலடிப் பாம்பு தலையை நீட்டினாலும் கை அதே வேகத்தில் துடைப்பத்துக்குத்தான் போகும். போகவிடாதீர்கள். பிரிட்டனில் வீட்டுக்குள் தென்படும் பாம்பு பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் வைத்து வளர்ப்பது. கண்ணாடிப் பெட்டியின் கதவைச் சரியாக மூடாததால் நழுவி வந்தது. அதற்குப் பல வருஷ வயதும், அதைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையும் இருக்கலாம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் தப்பி வந்த வளர்ப்பு விலங்கையும் காக்கிறது. அடித்துத் துன்புறுத்தினால் அது குற்றம். போதாததற்கு அது இன்னொருவரின் உடைமை. விசாவில் இருக்கிற ஆளுக்கு இந்தத் தலைவலி எதற்கு?

நம் கண் எங்கே தவறும்

டெல்டாக்காரர்களுக்குப் பாம்பு தெரியும் என்பது உண்மை. சாரையையும் நல்லபாம்பையும் வரப்பில் பத்தடி தூரத்திலேயே பிரித்துவிடுவோம். ஆனால் அந்தப் பழக்கம் ஊர்ப் பாம்புகளுக்கானது. இங்கே அது திரும்பத் திரும்ப ஏமாற்றும்.

வீடுகளில் அதிகம் வளர்க்கப்படுவது கார்ன் ஸ்நேக். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதி அதன் சொந்த மண். வளர்ந்தது 1 முதல் 1.5 மீட்டர் வரை இருக்கும், உடம்பு மெலிசு. ஆரஞ்சு அல்லது பழுப்பு நிற முதுகில் கருப்பு விளிம்பிட்ட சிவப்புத் திட்டுகள், வயிற்றில் சதுரங்கப் பலகை மாதிரி கருப்பு வெள்ளைக் கட்டங்கள். திட்டுகளைப் பார்த்ததும் நம் ஆட்கள் "விரியன்" என்று அலறுவார்கள். விஷம் கிடையாது. வளர்ப்பில் நிறம் மாற்றி எடுத்த வகைகளும் உண்டு: வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும், சிலவற்றுக்குக் கண் சிவப்பாக இருக்கும். அதைப் பார்த்து நாகதேவதை வந்திருப்பதாகத் திருநாகேஸ்வரத்துக்கு வேண்டிக்கொள்ளவும் அவசியமில்லை.

குட்டையாக, தடியாக, கரும்பழுப்பில் வெளிர்த் திட்டுகளோடு இருந்தால் அது ராயல் பைத்தானாக இருக்கலாம். மேற்கு ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். தலை முக்கோணமாக இருப்பதால் கண்ணாடி விரியன் என்று தோன்றும். "முக்கோணத் தலை என்றால் விஷம்" என்ற கணக்கை இங்கேயே விட்டுவிடுங்கள். இந்தப் பைத்தானுக்கு முக்கோணத் தலை, விஷமில்லை. நம் நல்லபாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் தலை முக்கோணமில்லை, விஷம் உண்டு.

நெஞ்சை நிறுத்திவிடக்கூடியது கலிஃபோர்னியா கிங் ஸ்நேக். கருப்பு உடம்பில் வெள்ளை வளையங்கள். கட்டுவிரியன் என்று சத்தியம் செய்வீர்கள். பொதுவாக இதன் வளையங்கள் அகலமானவை, கழுத்திலேயே தொடங்கிவிடும். கட்டுவிரியனுக்கு மெல்லிய வரிகள், பெரும்பாலும் இரண்டிரண்டாக, தலையை ஒட்டிய பகுதியில் மங்கி இருக்கும். மேலே தூக்கிய மூக்கோடு இருக்கும் சிறிய ஹாக்நோஸ் பாம்பு கழுத்தைத் தட்டையாக்கிச் சீறும், கிட்டத்தட்ட படமெடுப்பது போல. பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டே முட்டும், அவ்வளவுதான். அரிதாகக் கடித்துப் பிடித்துக்கொண்டால் அந்த இடம் வீங்கும்.

பிரிட்டனுக்கே உரிய காட்டுப் பாம்புகள் மூன்றே வகை. அவற்றில் விஷமுள்ளது ஆடர் ஒன்றுதான்: சுமார் 60 செ.மீ., முதுகு நெடுக கோணல்மாணலாக ஒரு கருங்கோடு, சிவந்த கண். அது வீட்டுக்குள் வருவது மிக அரிது. தோட்டத்துக் குளத்தருகே பச்சைச் சாம்பலாக, கழுத்தில் மஞ்சள் பட்டையோடு இருப்பது கிராஸ் ஸ்நேக். நம் தண்ணீர்ப்பாம்பு மாதிரி ஆபத்தில்லாதது. கண் சிமிட்டினால் அது பாம்பே இல்லை, ஸ்லோ வோர்ம் என்ற காலில்லாத பல்லி. காட்டுப் பாம்புகளை 1981ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் காக்கிறது, எனவே அவற்றையும் அடிக்கக் கூடாது.

இவ்வளவு படித்த பிறகும் எது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் விஷமுள்ளது என்றே வைத்துக்கொள்ளுங்கள். விஷப்பாம்பு வளர்க்க 1976ஆம் ஆண்டின் சட்டப்படி உள்ளூர் கவுன்சிலின் உரிமம் வேண்டும், அதனால் அத்தகையவை மிகக் குறைவு. குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை.

பார்த்த முதல் ஐந்து நிமிடம்

குழந்தைகளையும் பூனை நாயையும் அறையைவிட்டு வெளியே அனுப்புங்கள். பாம்பு தன் நீளத்தில் ஏறக்குறைய பாதி தூரம்தான் எட்டிக் கொத்தும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் போதும். அங்கிருந்தே போனில் பெரிதாக்கிப் படம் எடுங்கள். தலை, நடுவுடம்பு, வால் மூன்றும் தெரிந்தால் பார்ப்பவர்கள் உடனே வகை சொல்லிவிடுவார்கள்.

பிறகு கதவைச் சாத்தி, அடியிலுள்ள சந்தில் ஈரத்துண்டை முறுக்கி இறுக்கமாக அடையுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. பதற்றத்தில் ஆளாளுக்கு வெளியே ஓடிக் கதவைத் திறந்துபோட்டுவிட்டு, அரைமணி நேரம் கழித்து வந்து பார்த்தால் பாம்பு இருக்காது. அப்புறம் ஒரு மாதத்துக்கு யாரும் தூங்க மாட்டார்கள். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்து தங்கியிருக்கும் நேரமென்றால் அப்பாவிடமிருந்து துடைப்பத்தை முதலில் வாங்கி வையுங்கள்.

விஷமில்லாத வகை என்று படத்தை வைத்து உறுதியாகி, அது சுருண்டு அசையாமல் கிடந்தால் மட்டும், 30 லிட்டருக்குக் குறையாத பிளாஸ்டிக் பெட்டியை மேலே கவிழ்த்து, அதன்மேல் 5 கிலோ அரிசிப் பையை வையுங்கள். பாரம் இல்லாவிட்டால் மூக்கால் நெம்பி வெளியே வந்துவிடும், அதற்கு அவ்வளவு பலம் உண்டு. துணிக்கூடை உதவாது, ஓட்டை வழியாக நழுவும். கவிழ்த்த பிறகு பெட்டியைத் தூக்கிப் பார்க்காதீர்கள். பாம்பு ஊர்ந்துகொண்டிருந்தால் இந்த வேலையே வேண்டாம், கதவடைத்தது போதும்.

குளிரில் அசையாமல் கிடப்பதை வைத்துச் செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். இந்தப் பாம்புகளுக்குப் பெட்டியின் ஒரு பக்கமாவது 28 முதல் 30 டிகிரிச் சூடு தேவை. 16 டிகிரி அறையில் மரக்கட்டை போல இருக்கும். பெட்டிக்கு வெளியே ஒரு பக்கம் மட்டும் துண்டு சுற்றிய வெந்நீர்ப் பையைச் சாய்த்து வைக்கலாம், சூடு பிடிக்காவிட்டால் மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். ரேடியேட்டர் மேல் வைத்தால் வெந்துபோகும். சாப்பாடு எதுவும் வேண்டாம், வாரக்கணக்கில் பட்டினி தாங்கும். பாலும் முட்டையும் புற்றுக்கு வைப்பது நம் வழக்கம். பாம்பு பால் குடிக்காது, இங்கே கிண்ணத்தில் வைத்தால் தரைவிரிப்புதான் நாறும்.

தோட்டத்தில் விட்டுவிடலாம் என்று தோன்றும். வெளிநாட்டு இனத்தை இங்கே வெளியில் விடுவதும் சட்டப்படி குற்றம், குளிரில் அது செத்தும் போகும்.

யாரைக் கூப்பிடுவது, என்ன சொல்வது

இங்கிலாந்து, வேல்ஸ் என்றால் விலங்கு நல அமைப்பான ஆர்.எஸ்.பி.சி.ஏ.வின் எண் 0300 1234 999. ஸ்காட்லாந்தில் ஸ்காட்டிஷ் எஸ்.பி.சி.ஏ., 03000 999 999. இணைப்புக் கிடைக்காவிட்டால் அருகிலுள்ள கால்நடை மருத்துவரையோ ஊர்வன விற்கும் கடையையோ கேளுங்கள். கடைக்காரருக்கு அந்த வட்டாரத்தில் யார் பாம்பு வளர்க்கிறார்கள் என்பது பெரும்பாலும் தெரிந்திருக்கும். அவரிடமே வாங்கிய பாம்பாகவும் இருக்கலாம்.

போனில் கேட்பவை: போஸ்ட்கோடு, எவ்வளவு நீளம், என்ன நிறம், எந்த அறை, அடைத்துவிட்டீர்களா, யாரையாவது கடித்ததா. "ஸ்நேக்" என்று நேராகச் சொல்லுங்கள். இருட்டினால் அதன் பெயரைச் சொல்லக் கூடாது, "பூச்சி" என்றுதான் சொல்ல வேண்டும் என்பது வீட்டில் பெரியவர்கள் பழக்கிய பழக்கம். அதை அப்படியே மொழிபெயர்த்தால் கரப்பான் மருந்து அடிக்கிற ஆள்தான் வந்து நிற்பார்.

அதோடு அக்கம்பக்கத்துக் கதவையும் தட்டுங்கள். வரிசை வீடுகளில் பரணும் தரைப்பலகைக்கு அடியிலுள்ள வெற்றிடமும் சில இடங்களில் பக்கத்து வீட்டோடு தொடர்ந்தே இருக்கும், குழாய்ச் சந்து வழியாகவும் வரும். தெருக் குழுவில் எழுதும்போது முழுப் படத்தையும் போட வேண்டாம். பணமதிப்புள்ள பாம்புக்கு உரிமை கொண்டாட ஆள் வரும். ஏதாவது ஓர் அடையாளத்தை, வாலருகே இருக்கும் திட்டு மாதிரி, மறைத்து வையுங்கள். சொந்தக்காரரிடம் பழைய படம் இருக்கும், பொருத்திப் பார்த்துக் கொடுக்கலாம். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரருக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள், சந்துகளை அடைக்க வேண்டியவர் அவர்தான்.

பார்த்தோம், காணோம்

பெரும்பாலும் நடப்பது இதுதான். பாம்பு சூட்டையும் இடுக்கையும் தேடிப் போகும். ஃபிரிட்ஜின் பின்பக்கம், வாஷிங் மெஷினுக்கு அடி, சமையலறை அலமாரிகளின் கால்பலகைக்குப் பின்னால், வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரி, குளியல் தொட்டியின் பக்கப்பலகை, சோஃபாவின் உள்கூடு, இன்டர்நெட் ரவுட்டருக்குப் பின்புறம், சுருட்டி வைத்த பாய். தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். கார்ன் ஸ்நேக் குட்டி பென்சில் தடிமன்தான். கண்டுபிடிக்கும்வரை வாஷிங் மெஷினையும் ஓவன் அடுப்பையும் உள்ளே பார்க்காமல் போடாதீர்கள். செருப்பைத் தட்டிப் போடுங்கள், அந்தப் பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது.

எந்த அறையில் இருக்கிறது என்று தெரிய கோலமாவு போதும். படுக்கப்போகும்போது ஒவ்வொரு வாசலிலும் குறுக்கே நாலு விரல் அகலத்துக்கு மெல்லிசாகத் தூவி வையுங்கள். காலையில் வளைந்த தடம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். இரண்டு மூன்று இரவுகளில் அறை பிடிபடும். பிறகு அந்த அறையை அடைத்து, சுவரோரமாக ஒரு அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் வைத்து, உள்ளே துண்டும் அதனடியில் மிதமான வெந்நீர்ப் பையும் வையுங்கள். விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சோடு வாசலில் நின்றே சுவரோரங்களைப் பாருங்கள். கார்ன் ஸ்நேக் அந்தியிலும் இரவிலும்தான் நடமாடும், அதுவும் சுவரை ஒட்டியே.

பூண்டு, பெருங்காயக் கரைசல், பினாயில் எதுவும் ஊற்றாதீர்கள். சுவருக்குள் இன்னும் ஆழமாகப் போவதைத் தவிர வேறெதுவும் நடக்காது. எலிக்கு வைக்கும் பசை அட்டை அதைவிட மோசம். ஒட்டிய பாம்பைப் பிய்த்தால் தோல் உரிந்துவிடும், அட்டையோடு கால்நடை மருத்துவரிடம்தான் எடுத்துப் போக வேண்டும். ஒன்று வந்தால் ஜோடி தேடி வரும் என்று ஊருக்குப் போன் போட்டால் சொல்வார்கள். தப்பி வந்த வளர்ப்புக்கு இங்கே ஜோடி கிடையாது.

கடித்துவிட்டால்

கார்ன் ஸ்நேக், ராயல் பைத்தான் கடி முள் கீறியது போல வரிசையான சிறு புள்ளிகளாக இருக்கும். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் எண் 111ஐக் கேளுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷமாயிற்று என்று கேட்பார்கள். ஆடர் என்றாலோ எது என்று தெரியாவிட்டாலோ அவசர எண் 999. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வையுங்கள். மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றுங்கள், வீங்கினால் அப்புறம் வராது. கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது மூன்றும் கூடாது.

பாம்பு உடம்பில் சால்மோனெல்லாக் கிருமி இருக்கும். தொட்ட கையையும் அது ஊர்ந்த தரையையும் கழுவுங்கள், அந்தப் பெட்டியைச் சமையலறைத் தொட்டியில் அலச வேண்டாம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைத் தொடவிடாமல் இருப்பது நல்லது.

வேறு நாடு என்றால்

மேலே சொன்ன தைரியம் பிரிட்டனுக்கு மட்டும். ஆஸ்திரேலியாவில் வீட்டுக்குள் வரும் பாம்பைக் காட்டுப் பாம்பு, கொடிய விஷமுள்ளது என்றே கொள்ளுங்கள். உரிமம் பெற்ற பாம்புபிடிப்பவரைக் கூப்பிடுங்கள், கடித்தால் 000. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் காப்பர்ஹெட் என்ற விஷப்பாம்பும் கார்ன் ஸ்நேக்கும் பார்வைக்குக் குழப்பும், பெட்டி கவிழ்க்கும் வேலை அங்கே கூடவே கூடாது. சிங்கப்பூரில் பாம்பு வளர்ப்பதே சட்டவிரோதம். அங்கே வருவது மலைப்பாம்போ நல்லபாம்போ, கூத்தாநல்லூர்க்காரர்கள் சிங்கப்பூர் உறவினரைக் கேட்டாலே சொல்வார்கள். நியூசிலாந்தில் தரைப்பாம்பே இல்லை, ஒன்றைக் கண்டால் உடனே 0800 80 99 66க்குச் சொல்ல வேண்டும்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது

இங்கே வளரும் பிள்ளைகள் பள்ளியிலும் பிறந்தநாள் விழாக்களிலும் கார்ன் ஸ்நேக்கைக் கழுத்தில் போட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். அதே பிள்ளைகள் மன்னார்குடியில் ஆச்சி வீட்டுக் கொல்லையில் கருப்பு வெள்ளை வரியைப் பார்த்தால் கிங் ஸ்நேக் என்று கையை நீட்டுவார்கள். விமானம் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்: ஊரில் எதையும் தொடக் கூடாது, பெரியவர்களைக் கூப்பிட வேண்டும், பெரியவர்கள் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுவார்கள். கட்டுவிரியன் கடி பல சமயம் வலிக்கவே வலிக்காது, தரையில் படுத்துத் தூங்குபவர்களைத்தான் அதிகம் கடிக்கும். கட்டிலில் படுக்க வைத்து, கொசுவலையின் விளிம்பை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். விடிகாலையில் பிள்ளை வயிற்றுவலி என்று எழுந்து இமை சொருகினால், கடித்த தடம் தெரிகிறதா என்று தேடிக்கொண்டிராமல் 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன.