127ஐக் கையால் சோதிப்போம்: பெரிய பகா எண்ணைப் பிடிக்கும் சின்னக் கணக்கு

170141183460469231731687303715884105727.

முப்பத்தொன்பது இலக்கம். கணினி இல்லாத 1876இல், இது பகா எண் என்று நிறுவியவர் பிரான்ஸ் நாட்டின் எதுவார் லூக்கா. ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்த்தால் ஆயுள் போதாது. அவர் கண்ட வழியை 1930இல் அமெரிக்கக் கணிதவியலாளர் லெமர் செப்பனிட்டார். அந்த வடிவத்தைச் சிறிய எண் ஒன்றில் செய்து பார்ப்போம். பென்சிலும் தாளும் போதும்.

மேலே உள்ள எண் 2¹²⁷ − 1. இந்த வார்ப்பில் வருபவை மெர்சென் எண்கள். அடுக்கு பகா எண்ணாக இல்லாவிட்டால் மெர்சென் எண்ணும் பகா எண்ணாகாது. அடுக்கு பகா எண்ணாக இருந்தும் ஏமாற்றுவது உண்டு: 2¹¹ − 1 = 2047 = 23 × 89. நாம் எடுத்துக்கொள்வது 2⁷ − 1, அதாவது 127.

படி 1: 4 என்று எழுதுங்கள்.

படி 2: அதை வர்க்கமாக்கி, 2ஐக் கழித்து, 127ஆல் வகுத்து வரும் மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: கிடைத்த மீதிக்கும் அதையே செய்யுங்கள். அடுக்கில் இரண்டைக் கழித்தால் எத்தனையோ, அத்தனை சுற்று. இங்கே 5. கடைசியில் 0 வந்தால் பகா எண்; வராவிட்டால் பகு எண்.

வகுப்பதற்கு அஞ்ச வேண்டாம். 9ஆல் வகுத்தால் வரும் மீதியை அறிய இலக்கங்களைக் கூட்டுவோமே, அதே சூட்சுமம்தான். 10ஐ 9ஆல் வகுத்தால் மீதி 1. 128ஐ 127ஆல் வகுத்தாலும் மீதி 1. ஆகவே எத்தனை 128 அடங்கியிருக்கிறது என்று பார்த்து, அந்த எண்ணிக்கையை மிச்சத்தோடு கூட்டினால் வேலை முடிந்தது.

4² − 2 = 14
14² − 2 = 194 = 1 × 128 + 66; மீதி 67
67² − 2 = 4487 = 35 × 128 + 7; மீதி 42
42² − 2 = 1762 = 13 × 128 + 98; மீதி 111
111² − 2 = 12319 = 96 × 128 + 31; 96 + 31 = 127, மீதி 0

127 பகா எண்.

நான் முதன்முறை போட்டபோது 2ஐக் கழிக்க மறந்து, 0 வராமல் அரைமணி நேரம் விழித்தேன். கழிக்காமல் போனால் 4இன் அடுக்குகளே வந்துகொண்டிருக்கும். அவற்றில் எதுவும் 127ஆல் வகுபடாது.

இந்தச் சோதனை பகு எண் என்று சொல்லுமே தவிர, காரணியைக் காட்டிக்கொடுக்காது. 2⁶⁷ − 1 பகு எண் என்பதையும் லூக்கா 1876இலேயே காட்டிவிட்டார். அதன் காரணிகள், 193707721 × 761838257287, வெளியானது 1903இல்தான். கண்டவர் ஃபிராங்க் நெல்சன் கோல். 2024இல் கண்டறியப்பட்ட, 41024320 இலக்கங்கள் கொண்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்னும் எண்ணையும் இதே சோதனையை வைத்துத்தான் உறுதிசெய்தார்கள்.

அடுத்து 2¹³ − 1 = 8191ஐ நீங்களே போட்டுப் பாருங்கள். பதினொரு சுற்று, இம்முறை 8192ஆல் பிரியுங்கள். பத்தாவது சுற்றில் 128 வந்தால் கணக்கு சரியாகப் போகிறது.