இரண்டாவது கோல்கீப்பர் தடுமாறினால்: வெளியில் உட்கார வைப்பதா, விளையாட விடுவதா?

முதல் கீப்பரின் சுண்டுவிரல் முறிந்துவிட்டது, ஆறு வாரம் கட்டு என்று டொக்டர் சொல்லிவிட்டார். பெஞ்சில் இருந்த பொடியனை இறக்கினீர்கள், மூன்று மெட்ச்சில் ஒன்பது கோல் போய்விட்டது. ஞாயிறு காலையிலிருந்து ஃபோன் ஓயவில்லை. பழைய மாணவர் ஒருவர், யாரோ ஒரு பிள்ளையின் அப்பா, போன வருடத்துக் கப்டன், எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: அவனை இன்னும் ஏன் வைத்திருக்கிறீர்கள்? வியாழக்கிழமை அடுத்த மெட்ச். கொழும்பில் ஒரு பாடசாலை உதைபந்தாட்ட அணியோடு மாலை நேரங்களில் நிற்கிற யாருக்கும் இப்படியொரு வாரம் என்றாவது வந்தே தீரும். நான் இரண்டு தடவை இதில் மாட்டியிருக்கிறேன், முதல் தடவை பிழையாக முடிவெடுத்து ஒரு நல்ல பொடியனை இழந்தேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மெட்ச் முடிந்த அன்று இரவு முடிவெடுக்காதீர்கள். வட்ஸ்அப் குழுவில் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள், "பார்ப்போம்" என்றுகூட எழுத வேண்டாம், அந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை இன்டர்வலுக்குள் பாடசாலை முழுக்க அவனை எடுத்தாயிற்று என்று கதை பரவிவிடும்.

திங்கட்கிழமை ஒரு கொப்பியை எடுத்து ஒன்பது கோலையும் ஒவ்வொன்றாக எழுதுங்கள். பந்து எங்கிருந்து வந்தது, அடித்தவனை யார் பிடித்திருக்க வேண்டும், அதற்கு முன் நம்மவர் யார் பந்தைத் தொலைத்தார், கடைசியாக, முதல் கீப்பர் நின்றிருந்தால் இதைப் பிடித்திருப்பானா. அந்தக் கடைசிக் கேள்விக்கு உண்மையாகப் பதில் எழுத வேண்டும். கோல் கம்பம் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம், பத்து மீட்டர் தூரத்தில் தனியாக விடப்பட்டவன் மூலைக்கு அடித்தால் பதினேழு வயதுப் பிள்ளை ஒருவனால் செய்யக்கூடியது அதிகமில்லை. ஒரு பெனால்டி, நம்மவன் காலில் பட்டுத் திரும்பிய ஒன்று, பின்கள வீரன் வழுக்கி விழுந்த ஒன்று என்று கழித்துக்கொண்டே வந்தால் ஒன்பதில் கீப்பரின் கணக்கில் நிற்பது மூன்றோ நான்கோதான். நான் எழுதிப் பார்த்த இரண்டு தடவையும் அப்படித்தான் வந்தது. ஆனால் அந்த மூன்றும்தான் எல்லோர் கண்ணிலும் நிற்கும், ஏனென்றால் கீப்பர் விட்ட பிழைக்குப் பின்னால் வலைதான் இருக்கிறது, வேறு ஆள் இல்லை.

அந்த மூன்றையும் இனிக் கிட்டப் பாருங்கள். எந்த மெட்ச்சிலும் ஒரு அம்மாவோ அண்ணாவோ ஃபோனில் வீடியோ எடுத்திருப்பார்கள், கேட்டு வாங்குங்கள். பந்தைப் பார்க்காமல், அடி விழுவதற்கு முந்திய மூன்று விநாடியில் கீப்பரின் கால்களை மட்டும் பாருங்கள். அடி விழும் நேரத்தில் அவன் நின்றிருக்கிறானா, இல்லை இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறானா? பாரம் குதிக்காலில் இருக்கிறதா, முன்பாதத்தில் இருக்கிறதா? நகர்ந்துகொண்டே அடியை எதிர்கொள்கிற கீப்பர் ஒரு பக்கமாகத்தான் பாய முடியும், மற்றப் பக்கம் போனால் பார்த்துக்கொண்டு நிற்பான், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சோம்பல் போலத் தெரியும். இது பத்து நாளில் திருத்தக்கூடிய பிழை. அடிக்கு முன் நில், அவ்வளவுதான், அதையே ஒரு மாலைக்கு ஐம்பது தடவை செய்ய வைத்தால் வரும்.

திருத்த முடியாதது போலத் தெரிந்து, உண்மையில் வேறொன்றாக இருக்கிற பிழைகளும் உண்டு. நான் இழந்தேன் என்று சொன்ன பொடியன், உயரமாக வருகிற பந்தையெல்லாம் விட்டான். பயந்தவன் என்று நாங்களே முடிவுகட்டி வெளியில் வைத்தோம். இரண்டு மாதம் கழித்து வெள்ளவத்தையில் ஒரு டியூஷன் வகுப்பு வாசலில் அவனைக் கண்டேன், முகத்தில் கண்ணாடி, தடித்த கண்ணாடி. மைதானத்துக்கு வரும்போது கழற்றிப் பையில் வைத்துவிட்டு வருவானாம், யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை, சொன்னால் அணியில் எடுக்க மாட்டார்கள் என்று நினைத்திருக்கிறான். கோணரில், அதாவது மைதானத்தின் மூலைக் கொடியடியிலிருந்து உதைக்கும்போது, எழும்புகிற பந்து பாதித் தூரம் வந்த பிறகுதான் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு அவன் மைதானத்துக்கு வரவேயில்லை. ஆகவே முதலில் கண்ணைக் கேளுங்கள். தலையில் அடிபட்டதா என்றும் கேளுங்கள். 2018இல் கியேவ் நகரில் நடந்த சம்பியன்ஸ் லீக் இறுதியில் லிவர்பூல் கீப்பர் லோரிஸ் கரியுஸ் இரண்டு பெரிய பிழை விட்டார், அணி 3-1 என்று ரியல் மட்ரிட்டிடம் தோற்றது, உலகமே அவரைத் திட்டியது. சில நாட்களுக்குப் பிறகு அமெரிக்காவில் பரிசோதித்த வைத்தியர்கள், முதல் பிழைக்குச் சற்று முன் நடந்த மோதலில் அவருக்கு மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருந்தது என்றும், பந்தின் இடத்தைக் கண் அளக்கும் திறனை அது பாதித்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். உங்கள் பொடியன் யாருடைய முழங்காலிலாவது தலையை மோதியிருந்து, தலையிடி, தலைச்சுற்று, வெளிச்சம் கூசுது என்று சொன்னால், யாரை விளையாட வைப்பது என்ற கதையே இல்லை. நேரே டொக்டரிடம் அனுப்புங்கள், அவர் சரி என்று சொல்லும்வரை கையுறையைத் தொட விடாதீர்கள்.

அடுத்தது கொழும்புக்கே உரிய விஷயம். நம் அணிகளில் கீப்பர் தமிழ் மீடியம், நடுப் பின்களத்தில் நிற்கிற இருவரும் சிங்கள மீடியம் என்பது சாதாரணம். இன்டர்வலில் எல்லோரும் கலந்து கதைப்பார்கள், ஒரு குறையும் இல்லை. ஆனால் கோணர் பந்து காற்றில் இருக்கிற அந்த ஒரு விநாடியில் எந்த மொழியில் கத்துவது என்று அவன் வாய் தடுமாறும். "விடு, நான் எடுக்கிறேன்" என்று தமிழில் கத்துகிறான், முன்னால் நிற்பவனுக்கு அது ஏறவில்லை, இருவரும் ஒரே பந்துக்கு எழும்பி மோதிக் கீழே விழ, மூன்றாமவன் வந்து வெறும் கோலுக்குள் தட்டிவிட்டுப் போகிறான். முதல் கீப்பர் மூன்று வருடம் இவர்களோடு விளையாடியவன், அவன் மூச்சு விட்டாலே இவர்களுக்குப் புரியும். இரண்டாமவனுக்கு அது கிடைத்ததில்லை. மூன்றே மூன்று சொல்லை முடிவு செய்யுங்கள்: தான் எடுப்பதற்குக் "கீப்பர்", வெளியே அடிக்கச் சொல்ல "எவே", பின்னால் ஆள் வந்தால் "மேன் ஒன்". தமிழோ சிங்களமோ வேண்டாம், இந்த மூன்றுதான், தொண்டை கிழியக் கத்தினால்தான் கணக்கு. ஒரு மாலைப் பயிற்சி முழுவதையும் இதற்கே கொடுத்தாலும் வீணில்லை.

இன்னொரு கேள்வியை உங்களிடமே கேளுங்கள். இந்த வருடம் அவன் எத்தனை தடவை முதல் பின்கள நால்வருக்குப் பின்னால் நின்று பயிற்சி செய்தான்? பெரும்பாலான அணிகளில் இரண்டாவது கீப்பர் எதிர்க் கோலில் நிற்பான், அல்லது கோலுக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்குவான். பிறகு திடீரென்று ஒரு நாள் கையுறையைப் போடச் சொல்லி, மூன்று மெட்ச்சில் அவனை அளந்து முடித்துவிடுகிறோம். அது அவனுடைய தவறு இல்லை.

இதையெல்லாம் பார்த்த பிறகும் அவனையே வைப்பதென்றால், அவனுக்கு வேலையைக் குறையுங்கள். காலால் பந்து பரிமாற வேண்டாம். 1992இலிருந்து சொந்த வீரன் காலால் வேண்டுமென்று திருப்பிக் கொடுக்கும் பந்தைக் கீப்பர் கையால் தொட முடியாது, பதற்றத்தில் இருக்கிற கீப்பருக்கு அந்தப் பந்துதான் எமன், ஆகவே அவனுக்குத் திருப்பிக் கொடுக்கவே வேண்டாம், பக்கவாட்டுக்கு வெளியே அடியுங்கள் என்று பின்களத்திடம் சொல்லிவிடுங்கள். கோல் கிக்கை நடுப் பின்கள வீரன் அடிக்கட்டும். கோணருக்கு இரு கம்பத்திலும் ஒவ்வொருவர் நிற்கட்டும். பின்கள வரிசை ஐந்தாறு மீட்டர் கீழே இறங்கி நின்றால் பின்னால் விழுகிற நீளப் பந்துக்கு அவன் ஓடி வரத் தேவை குறையும். 2025 ஜூலையில் வந்த புது விதியையும் ஞாபகப்படுத்துங்கள்: பந்தைக் கையில் எட்டு விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கோணர். பயந்த பிள்ளை பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே நிற்பான், நடுவர் விரலால் எண்ணுவதைக்கூடக் கவனிக்க மாட்டான். நாலரை மணிக்குப் பிறகு மேற்குப் பக்கம் பார்த்து நிற்க வேண்டிய மைதானமென்றால் ஒரு தொப்பி வாங்கிக் கொடுங்கள், கீப்பர் தொப்பி போடலாம், விதியில் இடமிருக்கிறது.

சரி, எப்போது வெளியில் வைப்பது?

என் அளவுகோல் கோல் எண்ணிக்கை இல்லை. அவன் பிழை முன்னால் வந்து விடுகிற பிழையா, பின்னால் ஒளிந்து விடுகிற பிழையா என்று பார்ப்பேன். கோட்டை விட்டு வெளியே வந்து, பந்துக்குக் கை நீட்டி, தவறவிட்டவனை நான் எடுக்க மாட்டேன், அவன் அடுத்த தடவை பிடிப்பான். ஆனால் வரவேண்டிய பந்துக்கு வராமல் கோட்டிலேயே ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு கோலுக்கும் பிறகு முதலில் பெஞ்சைத் திரும்பிப் பார்த்து, கத்துவதையும் நிறுத்திவிட்டவன், அவனை மறுபடியும் நிறுத்துவது அவனுக்கே செய்கிற கொடுமை. பின்கள வீரர்கள் அவனைத் தாண்டித் தாங்களே கோல் கோட்டில் போய் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றாலும் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஓய்வு கொடுங்கள்.

யாரை இறக்குவீர்கள் என்பதையும் அதற்கு முன் யோசியுங்கள். மூன்றாவது ஆள் பதினைந்து வயதுப் பிள்ளையென்றால், பதினெட்டு வயதுக்காரர்கள் முழங்காலைத் தூக்கிக்கொண்டு வருகிற கோணருக்கு நடுவில் அவனை நிறுத்தத் துணிவீர்களா? நான் துணிய மாட்டேன்.

மாற்றுவதென்றால் கோல் விழுந்த கையோடு மாற்றாதீர்கள், முழு மைதானமும் பார்த்திருக்க அவன் நடந்து வருகிற அந்த அறுபது மீட்டரை அவன் வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டான். இடைவேளையில் செய்யுங்கள். இதற்கு ஒரு உதாரணம் அமெரிக்காவில் உண்டு. அங்கே காலேஜ் ஃபுட்போல் என்றால் வேறு விளையாட்டு, முட்டை வடிவப் பந்து, குவாட்டர்பேக் என்பவர்தான் அதன் மூளை. 2018 ஜனவரி 8, அட்லாண்டாவில் தேசிய இறுதி, அலபாமா அணி இடைவேளையில் ஜோர்ஜியாவிடம் 13-0 என்று பின்தங்கியிருந்தது. பயிற்றுநர் நிக் சேபன் தன் முதல் குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை உட்கார வைத்துவிட்டு, முதல் வருட மாணவன் டுவா டாகோவைலோவாவை இறக்கினார், மேலதிக நேரத்தில் 26-23 என்று வென்றார்கள். எல்லோரும் சொல்கிற கதை இதுவரைதான். எனக்குப் பிடித்தது அதன் மீதி. ஹர்ட்ஸ் அணியை விட்டுப் போகவில்லை, இரண்டாமவராகப் பெஞ்சில் இருந்தார். அதே வருடம் டிசம்பர் 1, அதே அட்லாண்டா மைதானம், அதே ஜோர்ஜியா, டுவா காயப்பட, 28-21 என்று பின்தங்கிய நிலையில் ஹர்ட்ஸ் இறங்கி 35-28 என்று வென்று கொடுத்தார். வெளியில் வைக்கப்பட்டவனை அணிக்குள்ளேயே வைத்திருந்ததால்தான் அன்று இறக்குவதற்கு ஒருவன் இருந்தான்.

ஆகவே சொல்கிற விதம். பட்டியல் அறிவித்தல் பலகையில் ஏறுவதற்கு முன், வட்ஸ்அப்பில் போவதற்கு முன், அவன் அப்பாவிடம் சொல்வதற்கும் முன், அவனிடம் நேரில் சொல்லுங்கள். 2014 உலகக் கிண்ணக் காலிறுதியில் நெதர்லாந்துப் பயிற்றுநர் வான் கால், பெனால்டிக்கென்றே முதல் கீப்பர் சிலெசனை எடுத்துவிட்டு இன்னொரு கீப்பர் குருலை இறக்கினார். குருல் இரண்டைத் தடுத்து வென்று கொடுத்தார், ஆனால் சிலெசனுக்கு முன்கூட்டிச் சொல்லப்படவில்லை, வெளியே வந்த கோபத்தில் போத்தலை உதைத்தார். பெரிய ஆட்டக்காரனுக்கே அப்படியென்றால் பள்ளிப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

பயிற்சி முடிந்து மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, அவனோடு மைதானத்தை ஒரு சுற்று நடந்துகொண்டே கதைக்கலாம். முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதை விட நடக்கும்போது பிள்ளைகளுக்கு அழுவதும் இலகு.

"தம்பி, வியாழக்கிழமை நீ வெளியில இருக்கிறாய். என்ர முடிவு, வேற ஒருத்தரும் சொல்லேல்ல."

"சரி சேர்."

"சரி எண்டு சொல்லாத, கேக்கிறதைக் கேள்."

கொஞ்சத் தூரம் போனதும், "அப்ப நான் இனி வரத் தேவையில்லையோ சேர்?" என்பான். பெரும்பாலும் அதைத்தான் கேட்பான். அதற்குப் பதிலாகத் திகதி சொல்லுங்கள். அடுத்த நட்பு மெட்ச் எப்போது, அதில் எந்தப் பாதியில் அவன் நிற்பான், அதற்குள் எந்த ஒரு விஷயத்தைத் திருத்த வேண்டும். "பிறகு பார்ப்பம்" என்றால் அவன் அன்றோடு நின்றுவிடுவான்.

வியாழக்கிழமை அவனையும் கையுறை போடச் சொல்லுங்கள், புதுக் கீப்பருக்கு வோர்ம் அப் கொடுக்கும் வேலை அவனுடையது. கையுறையின் உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து போடச் சொல்லுங்கள், காய்ந்த இறப்பரில் பந்து வழுக்கும். பிறகு அவனையும் ஐந்து நிமிடம் கோலில் நிறுத்துங்கள். முதல் பத்துப் பந்தையும் நீங்களே, மெதுவாக, நெஞ்சுக்கு நேராக உதையுங்கள். பத்தையும் அவன் பிடிப்பான், அந்தச் சத்தம் பெஞ்சுவரைக்கும் கேட்கும்.