பழைய சாதா கௌபாய் படத்தை எப்படிப் பார்ப்பது, எதை வைத்து எடைபோடுவது

யூடியூபில் ஹாலிவுட் கௌபாய் நடிகர் ஜான் வெய்ன் பெயரைத் தேடிப் பாருங்கள். பெரிய படங்களுக்கு நடுவே ஐம்பது, ஐம்பத்தைந்து நிமிடமே ஓடும் கருப்பு வெள்ளைப் படங்கள் வரிசையாக வந்து நிற்கும். யாரும் கொண்டாடாத, யாரும் உட்கார்ந்து திட்டக்கூட மெனக்கெடாத படங்கள். லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரின் கௌபாய் கதைகளைப் படித்து வளர்ந்த நண்பர்கள் ஆசையாக ஒன்றைப் போடுவார்கள், பத்து நிமிடத்தில் "என்னப்பா, நாடகம் மாதிரி இருக்கு" என்று மூடிவிடுவார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம். அந்தப் படங்களில் பார்க்க விஷயம் இருக்கிறது, ஆனால் கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். எந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம், எதைப் பொறுத்துக்கொள்ளவே கூடாது என்பதும் தெரிய வேண்டும்.

உதாரணத்துக்கு 1934இல் வந்த 'ராண்டி ரைட்ஸ் அலோன்' படத்தை எடுத்துக்கொள்வோம். மோனோகிராம் நிறுவனம் லோன் ஸ்டார் என்ற பெயரில் 1933 முதல் 1935 வரை வெளியிட்ட படங்களில் ஒன்று. அந்த வரிசையில் மட்டும் வெய்ன் 16 படம் நடித்தார். அப்போது அவருக்கு வயது 27. அவரைப் பெரிய நட்சத்திரமாக்கிய 'ஸ்டேஜ்கோச்' வர இன்னும் ஐந்து வருடம் இருந்தது.

முதலில், இந்தப் படங்கள் எதற்காக எடுக்கப்பட்டன என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம் நடந்துகொண்டிருந்த காலம். கூட்டத்தை இழுக்க ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டும் வழக்கம் பரவியது. முக்கியப் படத்துக்கு வசூலில் பங்கு கிடைக்கும். கூடவே ஓடும் இரண்டாவது படத்துக்குப் பெரும்பாலும் நிலையான வாடகைதான். அதாவது, படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வரும் பணம் அதேதான், எவ்வளவு மோசமாக இருந்தாலும் அதேதான். அப்படியானால் தயாரிப்பாளர் கையில் இருப்பது செலவு ஒன்று மட்டும்தான். சில நாட்களில் எடுத்து முடித்து, அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். இரண்டாவது டேக் என்பது ஆடம்பரம். ஒரு நடிகர் வசனத்துக்கு முன்னால் அரை நொடி யோசித்தால் அந்த யோசனையும் படத்தில் இருக்கும்.

இதைத் தெரிந்துகொண்டபின் நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஒரு குறை கண்ணில் பட்டால், இது பணம் இல்லாததால் வந்ததா, அக்கறை இல்லாததால் வந்ததா என்று கேட்டுக்கொள்வேன். அட்டைச் சுவர் ஆடினால் பணக் குறை, அதை விட்டுவிடலாம். கதாநாயகியின் அப்பாவை முதல் ரீலில் கொன்றுவிட்டு, மூன்றாம் ரீலில் அவள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால் அது அக்கறைக் குறை. அவள் முகத்தில் துக்கத்தைக் காட்ட ஒரு டாலர்கூடச் செலவாகாது. இந்தப் பிரிவு ஒன்றே போதும், உங்கள் தீர்ப்பு நியாயமாகிவிடும்.

சரி, இனி நடைமுறைக்கு வருவோம். போடும் முன் பிரதியைக் கவனியுங்கள். இந்தப் படங்களில் பல இலவசமாகக் கிடைப்பதற்குக் காரணம், அன்றைய அமெரிக்கச் சட்டப்படி 28 வருடம் முடிந்ததும் காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டும், பலவற்றுக்கு யாரும் புதுப்பிக்கவில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் பதிவேற்றலாம், எப்படி வேண்டுமானாலும் கெடுக்கலாம் என்றாகிவிட்டது. லோன் ஸ்டார் படங்களில் தலைப்புக்கும் முடிவுக்கும் தவிர இசை ஏறக்குறைய இருக்காது. 1980களில் வீடியோவுக்காக இவற்றில் பலவற்றுக்கு சிந்தசைசர் இசையைப் பின்னால் ஒட்டினார்கள். குதிரை ஓடும்போது கீபோர்டு சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிட்டு வேறு பிரதி தேடுங்கள். நிறம் ஏற்றியதும் வேண்டாம். படம் ஏறக்குறைய சதுரமாகத்தான் தெரிய வேண்டும், இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை இருக்க வேண்டும். அகலத் திரைக்கு இழுத்துவிட்டிருந்தால் குதிரையெல்லாம் குட்டையாகத் தெரியும். ஓடும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜீன் ஆட்ரி, ராய் ராஜர்ஸ் நடித்த ரிபப்ளிக் நிறுவனப் படங்கள் டிவி நேரத்துக்காகச் சுமார் 54 நிமிடத்துக்கு வெட்டப்பட்டவை, அந்த வெட்டுப் பிரதிகள்தான் அதிகம் சுற்றுகின்றன. அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டுக் கதை தாவுகிறது என்று சொல்வது படத்துக்குச் செய்யும் அநியாயம்.

இப்போது படத்தைப் போடுங்கள். வெய்ன் தனியாகக் குதிரையில் வருகிறார். ஒரு வழித்தங்கல் சலூன். உள்ளேயிருந்து பியானோ சத்தம் கேட்கிறது. கதவைத் தள்ளிக்கொண்டு நுழைகிறார். உள்ளே எல்லோரும் சுடப்பட்டுச் செத்துக் கிடக்கிறார்கள், வாசித்துக்கொண்டிருப்பது தானாக ஓடும் பியானோ. சுவரில் மாட்டிய ஓவியத்தின் கண்களுக்குள்ளிருந்து யாரோ அவரைப் பார்க்கிறார்கள். பேச்சே இல்லை. பின்னணி இசை இல்லாததால் அந்தப் பியானோ மட்டும் உற்சாகமாக ஓடிக்கொண்டிருப்பது வயிற்றைப் பிசைகிறது. பணம் இல்லாத படம் தன் இல்லாமையையே பயன்படுத்திக்கொண்ட இடம் இது. ஒரு அறை, சில உடல்கள், ஒரு பியானோ. கோடி கொட்டியும் இப்படி ஒரு தொடக்கம் அமையாத படங்கள் உண்டு.

அப்புறம் ஷெரீப் தன் ஆட்களோடு வந்து ராண்டியை (வெய்ன் ஏற்ற பாத்திரம்) கைது செய்கிறார், பேச்சு தொடங்குகிறது, படம் சட்டென்று தொய்ந்துவிடுகிறது. இதுதான் இந்த வகைப் படங்களின் நிரந்தர நோய். வெளியில் உயிர், உள்ளே தூக்கம். ஒரு மேசையைச் சுற்றி நான்கு பேர் வரிசையாக நிற்பார்கள். கேமரா நகராது. ஒவ்வொருவரும் அடுத்தவர் முடிக்கும்வரை காத்திருந்து, நாம் ஏற்கெனவே கண்ணால் பார்த்ததைத் திரும்பச் சொல்வார்கள். ஒலிப்பதிவு வந்து ஏழெட்டு வருடம்கூட ஆகாத காலம், கருவி பாரமானது என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் பார்த்ததையே திரும்பச் சொல்லும் வசனத்துக்குக் கருவியைக் குற்றம் சொல்ல முடியாது. அதை அக்கறைக் குறைக் கணக்கில்தான் வைப்பேன்.

வில்லன் விஷயத்தில் எனக்கு இரண்டு மனசு. ஜார்ஜ் ஹேஸ், பின்னாளில் கேபி என்ற பெயரில் தாடிக்காரத் தாத்தாவாக எல்லோருக்கும் பிடித்துப் போனவர், இதில் பேச முடியாதவனாக, கூன் விழுந்தவனாக ஊருக்குள் நடமாடுகிறார். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக் காட்டுவார். மறைவிடத்துக்குப் போனதும் நிமிர்ந்து நின்று கொள்ளைக்கூட்டத் தலைவனாகப் பேசுகிறார். நடிப்பாகப் பார்த்தால் படத்திலேயே இவர்தான் மேல், வெய்ன் இன்னும் தன் குரலையும் கைகளையும் என்ன செய்வது என்று கற்றுக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் இந்த ரகசியத்தைப் படம் நமக்குச் சீக்கிரமே போட்டு உடைத்துவிடுகிறது, அதனால் யார் கொலையாளி என்ற கேள்வியே எழாமல் போகிறது. இப்படிப்பட்ட படங்களில் ஊரின் மரியாதைக்குரிய ஆள்தான் கூட்டத்தலைவன் என்பது எழுதாத விதி. பேங்க்காரன், நிலவியாபாரி, இப்படி யாராவது. வீடும் பண்ணையும் கடனில் போய்க்கொண்டிருந்த ஜனங்கள் அரங்கில் உட்கார்ந்து இதைப் பார்த்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்தத் தேய்ந்த விதிக்கும் ஒரு சூடு இருக்கிறது. 1933இல் வந்த 'ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி'யில் சண்டையே தண்ணீருக்குத்தான், ஒருத்தன் ஊர்த் தண்ணீரைக் கைக்குள் வைத்துக்கொண்டு விவசாயிகளை மிரட்டுகிறான். நமக்கு விளக்கம் தேவைப்படாத கதை. (அதில் வெய்ன் பாடிக்கொண்டே துப்பாக்கிச் சண்டைக்கு நடந்து வருவார். குரல் வேறொருவருடையது, அவர் பேசும் குரலோடு கொஞ்சமும் ஒட்டாது.)

உங்கள் கவனத்தில் பாதிக்கு மேல் குதிரை ஓடும் காட்சிகளுக்குக் கொடுங்கள். தரையைப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே நியூஹால், பிளாசெரிட்டா கேன்யன் பக்கத்து மண், புதர், சரிவு. செட் போடப் பணம் இல்லாததால் நிஜமான வெளியில் எடுத்தார்கள், அதனால் புழுதி நிஜம், வெயில் நிஜம், சரிவில் குதிரை சறுக்குவதும் நிஜம். ராண்டி சிறையிலிருந்து தப்பி, துரத்துபவர்களிடமிருந்து தண்ணீரில் குதித்து, அருவிக்குப் பின்னால் கொள்ளையரின் குகைக்கே போய்ச் சேரும் பகுதியை இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். கேமராமேன் ஆர்ச்சி ஸ்டவுட். இதே மனிதர் பின்னால் 'தி கொயட் மேன்' படத்துக்காக ஆஸ்கரைப் பகிர்ந்துகொண்டார். வானத்துக்கு எவ்வளவு இடம் விடுகிறார், ஓடும் ஆள் திரையில் எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்குப் போகிறான் என்று கவனித்தால் அந்தக் கை இங்கேயே தெரியும்.

அடுத்தது யகிமா கனட். ரோடியோ சாம்பியனாக இருந்து ஸ்டண்டுக்கு வந்தவர். லோன் ஸ்டார் படங்களில் வில்லனின் அடியாளாகவும் நடிப்பார், வெய்னுக்கு டூப்பும் போடுவார். அதனால் சில துரத்தல்களில் தன்னைத் தானே துரத்துகிறார்! 'ஸ்டேஜ்கோச்' படத்தில் ஓடும் குதிரைகளுக்கு நடுவே விழுந்து வண்டிக்கு அடியில் போகும் சாகசம் இவருடையது. 1959இல் 'பென்-ஹர்' ரதப் போட்டிக்குப் பின்னாலும் இவர் உழைப்பு உண்டு, 1966ஆம் ஆண்டுக்கான சிறப்பு ஆஸ்கரும் கிடைத்தது. இந்தச் சின்னப் படங்களில் குதிரையிலிருந்து குதிரைக்குத் தாவுவதையும் சரிவில் உருளுவதையும் பார்க்கும்போது, அந்தப் பெரிய காட்சிகளுக்கான பயிற்சியைத்தான் பார்க்கிறீர்கள். கைச்சண்டையில் கேமரா எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அடி வாங்குபவரின் தோளுக்குப் பின்னாலோ, அடிப்பவரின் தோளுக்குப் பின்னாலோ வைத்து, முஷ்டி முகத்தைத் தொடாமல் கடந்துபோவதை மறைக்கும் முறையை இவரும் வெய்னும் இந்தக் காலத்தில்தான் மெருகேற்றினார்கள். இன்றைக்கும் எல்லா ஊர் சண்டைக் காட்சியும் அந்தக் கோணத்தில்தான் நிற்கிறது.

ஏமாற்று வேலைகளையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். குதிரைகள் சட்டென்று பொம்மை போலப் படபடத்தால், கேமராவை மெதுவாக ஓட்டிப் படம்பிடித்து வேகத்தைக் கூட்டியிருக்கிறார்கள். இரவுக் காட்சியில் தரையில் கூர்மையான நிழல் விழுந்தால் அது பட்டப்பகல். பழைய படத்துக் காட்சிகளை வெட்டி ஒட்டுவதும் சகஜம். ஆனால் அதிலும் தரம் உண்டு. 1932, 33இல் வார்னர் நிறுவனத்துக்காக வெய்ன் நடித்த ஆறு படங்களில், கென் மேனார்டின் மௌனப் படங்களிலிருந்து பெரிய சாகசங்களை எடுத்துப் போட்டார்கள். அவை ஒட்ட வேண்டும் என்பதற்காக வெய்னுக்கும் அதே மாதிரி வெள்ளைக் குதிரை, அதே மாதிரி உடை. சிக்கனம்தான், ஆனால் அக்கறையுள்ள சிக்கனம். நான் இதைக் குறையாகவே எழுத மாட்டேன்.

பொறுத்துக்கொள்ளவே கூடாத ஒன்று பாக்கி இருக்கிறது. முழு வேகத்தில் ஓடும் குதிரை முன்னங்கால் மடங்கித் தலைகுப்புற விழுந்தால், பல நேரம் அது காலில் கம்பி கட்டி இழுத்து வீழ்த்தியது. கனட்டும் இதைச் செய்தவர்தான். குதிரைகள் செத்தன, ஊனமாயின. 1936இல் 'தி சார்ஜ் ஆஃப் தி லைட் பிரிகேட்' படத்தில் நடந்ததும், 1939இல் 'ஜெஸ்ஸி ஜேம்ஸ்' படத்துக்காக உயரத்திலிருந்து தண்ணீரில் விழவைத்த குதிரை செத்ததும் பெரிய எதிர்ப்பைக் கிளப்பிய பிறகுதான், 1940 முதல் அமெரிக்கன் ஹ்யூமேன் என்ற விலங்குநல அமைப்பு படப்பிடிப்புகளைக் கண்காணிக்கத் தொடங்கியது. அதற்கு முந்தைய படத்தில் இப்படி ஒரு விழுகையைப் பார்த்தால் "பிரமாதமான ஸ்டண்ட்" என்று எழுதாதீர்கள்.

மனிதர்கள் விஷயத்திலும் அப்படியே. பூர்வகுடிகள் வந்தால் கூச்சல் போடும் கூட்டமாக வருவார்கள், பல படங்களில் வரவே மாட்டார்கள். நிஜ மேற்கில் மாடு மேய்த்தவர்களில் நாலில் ஒருவர் கருப்பினத்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள், இந்தத் திரையில் அவர்களைத் தேட வேண்டும். ஹெர்ப் ஜெஃப்ரிஸ் நடித்த 'தி ப்ரான்ஸ் பக்கரூ' (The Bronze Buckaroo, 1939) போன்ற, முழுக்கக் கருப்பின நடிகர்களைக் கொண்ட கௌபாய் படங்கள் தனியாக எடுக்கப்பட்டதற்கு இந்த விடுபடல்தான் காரணம். அவற்றையும் தேடிப் பாருங்கள், அவையும் சின்னச் செலவில் எடுத்தவைதான்.

விமர்சனம் எழுதுவதாக இருந்தால் நட்சத்திரம் போடுவதை விட்டுவிடுங்கள். ஐந்துக்கு இரண்டு என்று போட்டால் அந்தப் பியானோவும் அடிபட்டுப் போகும். பார்க்கும்போதே எந்த நிமிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள், எந்த நிமிடத்தில் போனை எடுத்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள், அதை அப்படியே காரணத்தோடு எழுதினால் படிப்பவருக்குப் பயன்படும். வெள்ளைத் தொப்பி நல்லவன், கருப்புத் தொப்பி கெட்டவன் என்ற வழக்கமான வரியை எழுதும் முன் ஒரு படமாவது சரிபாருங்கள், ஹோப்பலாங் கேசிடி என்ற கௌபாய் நாயகனாக 66 படம் நடித்த வில்லியம் பாய்ட் போட்டதே கருப்புத் தொப்பிதான்.

'ராண்டி' பிடித்திருந்தால் அடுத்து நேராக 'ஸ்டேஜ்கோச்' துரத்தல் காட்சிக்குப் போங்கள், அதே வெய்ன், அதே கனட், கையில் கொஞ்சம் பணம். பிறகு பாய்டின் படங்களில் கலிஃபோர்னியாவின் லோன் பைன் மலையடிவாரத்தில் எடுத்த ஒன்றைப் போடுங்கள், பின்னால் நிற்கும் சியரா நெவாடா பனிமலைக்காகவே பார்க்கலாம். எந்தப் படமானாலும் இருபது நிமிடம் கொடுங்கள். அதற்குள் ஒருமுறையாவது வெளியே வந்து குதிரை ஓடவில்லை என்றால், தாராளமாக நிறுத்திவிட்டு அடுத்ததைப் போடலாம்.