ஏத்தன் வாழைக்கு நுண்ணுயிர் உரத்தையும் ரசாயன உரத்தையும் எப்படிச் சேர்த்துக் கொடுப்பது?

குமரி மாவட்டம் விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஓணச் சந்தையைக் குறிவைத்து ஏத்தன் (நேந்திரன்) போடுகிறவர்கள் இப்போது அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரப் பாக்கெட் வாங்குகிறார்கள், நல்லதுதான், ஆனால் அதை நம்பி பொட்டாஷை நிறுத்திவிடாதீர்கள். தோட்டக்கால் ஏத்தனுக்கு ஒரு மூட்டுக்கு (ஒரு வாழைக்கு) 300 கிராம் சாம்பல் சத்து வேண்டும், அதாவது அரை கிலோ பொட்டாஷ் உரம். எந்தப் பாக்டீரியாவும் அவ்வளவைக் கொண்டுவந்து தராது. குலை திரட்சியாக வர வேண்டுமானால் பொட்டாஷ் போட்டே ஆக வேண்டும்.

அப்புறம் நுண்ணுயிர் எதற்கு? நம் செம்மண் பெரும்பாலும் புளிப்பு (அமில) மண். இதில் போடும் மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும், மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காது. பாஸ்போபாக்டீரியா சுரக்கிற அமிலம் அதில் ஒரு பகுதியைக் கரைத்துக் கொடுக்கிறது. அசோஸ்பைரில்லம் காற்றிலுள்ள தழைச்சத்தைக் கொஞ்சம் பிடித்துத் தரும், கூடவே வேரையும் நன்றாகக் கிளைக்கச் செய்யும். வேர் பரவினால்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய யூரியா மழையில் அடித்துப் போகாமல் வாழைக்குள் போகும்.

குழி எடுத்ததும் சுண்ணாம்பு போட்டு இரண்டு வாரம் விடுங்கள். கடும் புளிப்பில் பாக்டீரியாவும் பிழைக்காது, சுண்ணாம்போடு சேர்த்துப் போட்டாலும் பிழைக்காது. கன்று நடும்போது இரண்டிலும் 20 கிராம் வீதம் எடுத்து, நன்றாக மக்கிய, ஈரமுள்ள தொழு உரத்தில் கலந்து வேர்ப் பக்கம் போட்டு மண் மூட வேண்டும். வேர் உட்பூசணம் (வேம்) கிடைத்தால் அதையும் இப்போதே கன்றின் அடியில் வைத்துவிடுங்கள், வேரைத் தொட்டால்தான் அதற்கு வேலை. ஐந்தாம் மாதம் மறுபடியும் அதே 20 கிராம் வீதம்.

இனி சொல்வதில்தான் பலருக்கும் பிசகுகிறது. மேல் உரம் மூன்று, ஐந்து, ஏழாம் மாதங்களில் போகும். ஐந்தாம் மாதம் ஆள் கூலி மிச்சம் என்று யூரியாவையும் பாக்டீரியாவையும் ஒரே கூடையில் கலந்து போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அந்த உப்பிலேயே பாதி உயிர் போய்விடும். முதலில் நுண்ணுயிர், பத்துப் பதினைந்து நாள் கழித்து உரம், அதுவும் தண்டை ஒட்டிக் குவிக்காமல் சற்றுத் தள்ளி வட்டமாகப் போட்டு மண் அணைத்து, ஈரம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பூஞ்சாணக் கொல்லிக்கும் இதே கணக்கு. கார்பன்டாசிமில் கன்றை நனைத்துவிட்டு மறுநாள் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தைப் போட்டால் அந்தக் காசு வீண். ரஸ்தாளி போட்டு வாடல் நோய்க்குப் பயப்படுகிறவர்கள் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவை முதலிலிருந்தே கொடுப்பது நல்லது.

இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் குழியில் தண்ணீர் கட்டி நிற்க விட்டால் காற்றில்லாமல் வேரும் அழுகும், நுண்ணுயிரும் சாகும், அதனால் வடிகால் வெட்டிவிடுங்கள். இடைவெளியில் பயறு போட்டு மடக்கி உழுதால் நுண்ணுயிர்களுக்குத் தீனி.

வாங்கும்போது காலாவதி தேதியைப் பாருங்கள், வெயில் படும் இடத்தில் அடுக்கி வைத்திருக்கும் கடையில் வாங்க வேண்டாம். தொழு உரத்தில் கலந்த நுண்ணுயிரை ஈரச் சாக்கு போட்டு மூடி நிழலில் வைத்து, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் போட்டு முடித்துவிடுங்கள்.