கையெழுத்து இல்லாத ஜோடி ஓவியம்: வரைஞ்சது யாருன்னு கண்டுபிடிக்கறது எப்படி?

இத்தாலில ஃப்ளாரன்ஸ் நகரத்து உஃபிசி மியூசியத்துல ஒரு புருஷன் பொண்டாட்டி படமா இருக்காங்க. பார்த்தொலொமேயோ பாஞ்சாத்திகி, லுக்ரேசியா பாஞ்சாத்திகி. பெரிய பிரபு குடும்பம், ஆளுக்கு ஒரு மரப்பலகை, ஆயில் பெயின்ட். ரெண்டு பலகையிலயும் ஓவியரோட கையெழுத்து கிடையாது, ஆனா இன்னிக்கு யாரைக் கேட்டாலும் 16ம் நூற்றாண்டுல ஃப்ளாரன்ஸை ஆண்ட டியூக் முதலாம் கோசிமோவோட அரசவை ஓவியர் ப்ரோன்சினோ வரைஞ்சதுன்னு தயங்காம சொல்லுவாங்க. அது எப்படின்னு இந்த ஜோடியை வச்சே ஒவ்வொரு படியா பாத்துரலாம், இதே வழியை நீங்க வேற படத்துக்கும் போட்டுப் பாக்கலாம்.

நம்ம மொழில கையெழுத்துன்னா சைனும் அதான், எழுதற எழுத்தோட வடிவமும் அதான். சைன் போடாம வந்த லெட்டரை எழுத்தைப் பாத்தே "இது அத்தை எழுதினது"ன்னு சொல்றோம்ல, கிட்டத்தட்ட அந்த வேலைதான் இது.

படி 1: படத்துல இருக்கறது யாரு?

ஓவியரைத் தேடறதுக்கு முன்னாடி படத்துல உக்காந்திருக்கவங்களைத் தேடுங்க. குடும்பச் சின்னம், நகை, புத்தகம், நாய், பின்னாடி தெரியற கட்டடம், எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க. பார்த்தொலொமேயோவுக்குப் பின்னாடி இருக்கற கட்டடத்துல பாஞ்சாத்திகி குடும்பச் சின்னம் இருக்கு. லுக்ரேசியா கழுத்துல இருக்கற தங்கச் சங்கிலியை ஜூம் பண்ணிப் பாருங்க, சின்னச் சின்ன எழுத்துல பிரெஞ்சு வார்த்தை இருக்கும், அன்பு முடிவில்லாம நிலைக்கும்னு அர்த்தம். இத்தாலிக்காரிக்கு எதுக்கு பிரெஞ்சு நகைன்னு கேட்டா, புருஷன் பொறந்தது பிரான்ஸ்ல லியோன் நகரத்துல, குடும்ப வியாபாரமும் அங்க இருந்துச்சு. இப்படி ஒண்ணோட ஒண்ணு பொருந்தி வரும்போது மனசுக்குள்ள ஒரு சந்தோஷம் வரும் பாருங்க, அதுக்காகவே நான் இதை விடாம பண்றேன்.

படி 2: பழைய எழுத்துல தேடுங்க

புதுசா வர்றவங்க நேரா முகத்தைப் பாத்து "இது அவர் ஸ்டைல் மாதிரி இருக்கே"ன்னு ஆரம்பிச்சிருவாங்க, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், தப்பு. முதல்ல ஆவணம், அப்புறம்தான் கண்ணு. வசாரிங்கறவர் இத்தாலிய ஓவியர்களோட வாழ்க்கையைப் பத்தி எழுதின புத்தகத்தோட ரெண்டாம் பதிப்பு 1568ல வந்துச்சு, அதுல ப்ரோன்சினோ இந்தப் பார்த்தொலொமேயோவுக்கு ரெண்டு மாதா படம் வரைஞ்சார், கூடவே அவரையும் மனைவியையும் உயிரோட இருக்கற மாதிரியே வரைஞ்சார்னு எழுதியிருக்கார். ப்ரோன்சினோ இறந்தது 1572ல, அதாவது அவர் உயிரோட இருக்கும்போதே இது அச்சுல வந்துருச்சு, வசாரியும் அதே கோசிமோகிட்ட வேலை பாத்தவர், ரெண்டு பேருக்கும் நேர்ல பழக்கம். இதை விட நல்ல சாட்சி கிடைக்கறது கஷ்டம்.

ஆனா ஒண்ணு. வசாரி சொன்ன படமும் நம்ம முன்னாடி இருக்கற பலகையும் ஒண்ணுதானான்னு அந்த வரி மட்டும் சொல்லாது. படி 1ல எழுதி வச்ச குடும்பச் சின்னம் இங்கதான் கை குடுக்கும்.

படி 3: கையெழுத்து உள்ள படம் ஒண்ணைப் பிடிங்க

ஒப்பிடறதுக்கு சந்தேகமே இல்லாத படம் வேணும். நமக்கு அதிர்ஷ்டம், ரெண்டு இருக்கு. உஃபிசியிலயே இருக்கற பாஞ்சாத்திகி திருக்குடும்பம் (மாதா, குழந்தை இயேசு, யோசேப்பு இருக்கற படம்), கீழ கல்லு மேல ப்ரோன்சினோ பேரு இருக்கு, பின்னாடி கோட்டைல பறக்கற கொடில அதே குடும்பச் சின்னம். ரெண்டாவது பெர்லின்ல இருக்கற உகோலினோ மார்த்தெல்லிங்கற இளைஞனோட படம், அதுலயும் பேரு போட்டிருக்கார். ரெண்டையும் பெரிய ரெசல்யூஷன்ல இறக்கி வச்சுக்கோங்க. கலரை மட்டும் நம்பாதீங்க, ஒரே படம் ரெண்டு சைட்ல ரெண்டு சிவப்பா தெரியும்.

படி 4: முகத்தை மறைச்சுட்டு கையைப் பாருங்க

ஜியோவானி மொரெல்லின்னு ஒருத்தர், 19ம் நூற்றாண்டு, மருத்துவம் படிச்சவர். ஓவியர் முகத்துல கவனமா இருப்பார், காது, விரல் நகம் மாதிரி இடத்துல பழக்கப்படி கை தானா போயிரும், அதனால அங்கதான் ஆளு மாட்டுவார்னு சொன்னார். நீங்களும் பண்ணிப் பாருங்க, ஸ்க்ரீன்ல முகத்து மேல ஒரு பேப்பரை வச்சு மறைச்சுருங்க. லுக்ரேசியாவோட ஒரு கை ஜெபப் புத்தகத்து மேல, இன்னொண்ணு நாற்காலிக் கைப்பிடி மேல. விரல் நீளமா நுனிக்குப் போகப் போக மெலிஞ்சு போகும், மூட்டே இல்லாத மாதிரி வழவழன்னு இருக்கும், விரலுக்கு நடுவுல இடைவெளி அளந்து வச்ச மாதிரி இருக்கும். அப்படியே மார்த்தெல்லி கைக்குப் போங்க. அதே விரல்! அப்புறம் தோல், தந்தத்துல செதுக்கின மாதிரி, பிரஷ் போன தடமே தெரியாது. துணி மடிப்புல வெளிச்சம் விழற விளிம்பு தகடு மாதிரி கூர்மையா இருக்கும். பின்னாடி கட்டடம், பார்த்தொலொமேயோ, லுக்ரேசியா, மார்த்தெல்லி மூணு பேர் படத்துலயும்.

இந்தப் படிக்கு ஒரு சாயங்காலம் முழுசா குடுங்க, அவசரப்படாதீங்க.

படி 5: வேற யாரா இருக்கலாம்?

உங்க முடிவுக்கு எதிரா நீங்களே வாதாடணும். ப்ரோன்சினோவோட குரு பொந்தோர்மோ, ரெண்டு பேர் கையும் ஆரம்ப காலத்துல ரொம்ப நெருக்கம், ஃப்ராங்க்ஃபர்ட்ல சிவப்பு டிரெஸ்ல நாய்க்குட்டியோட இருக்கற பெண்மணி படத்தை இவரா அவரான்னு ரொம்ப நாளா மாத்தி மாத்தி சொல்லிட்டு இருந்தாங்க. இன்னொரு பக்கம் சிஷ்யர்கள். அரசவை ஓவியர்னா பட்டறை இருக்கும், கோசிமோ கவசம் போட்ட படத்துக்கு ஏகப்பட்ட பிரதி இருக்கு, எல்லாத்துலயும் ப்ரோன்சினோ கை பட்டிருக்காது. பிரதில விளிம்பு சரியா இருக்கும், உள்ள உயிர் இருக்காது.

படி 6: லேப் ரிப்போர்ட் கிடைச்சா

வீட்டுல பண்ண முடியாது, மியூசியம் வெளியிட்டா படிங்க. இன்ஃப்ராரெட்ல பெயின்டுக்கு அடியில இருக்கற கோடு தெரியும், எக்ஸ்ரேல மாத்தி வரைஞ்ச இடம் தெரியும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல இருக்கற ப்ரோன்சினோ இளைஞன் படத்துல நிறைய மாத்தி மாத்தி வரைஞ்சிருக்கார்னு இப்படித்தான் தெரிஞ்சுது. பிரதி எடுக்கறவனுக்கு மாத்தி யோசிக்க வேண்டிய அவசியம் பெருசா இல்ல, அதனால அந்த மாதிரி மாத்தம் இருந்தா மூலப் படம்ங்கறதுக்கு நல்ல அறிகுறி. மர வளையம் எண்ணி வருஷம் சொல்றது வடக்கு ஐரோப்பா ஓக் பலகைக்குத்தான் நல்லா வேலை செய்யும், இத்தாலிக்காரங்க அதிகமா எடுத்த பாப்லர் மரத்துக்கு அது அவ்வளவா உதவாது.

படி 7: வார்த்தையை அளந்து எழுதுங்க

ஆவணமும் கையும் ரெண்டும் ஒத்துப்போனா பேரை நேரா எழுதலாம். கை மட்டும் ஒத்துப்போனா "இவர் வரைந்ததாகக் கருதப்படுகிறது". கை கொஞ்சம் தளர்ந்திருந்தா "இவர் பட்டறை". காலம் தள்ளிப் போச்சுன்னா "இவர் பாணியில்". ஜோடிப் படம்னா ரெண்டு பலகைக்கும் தனித்தனியா இதைப் பண்ணணும், புருஷனுக்கு ஆதாரம் கிடைச்சுதுன்னு பொண்டாட்டிக்கும் சேத்து எழுதிரக்கூடாது. நம்ம ஜோடிக்கு நான் நோட்டுல எழுதி வச்சது: ப்ரோன்சினோ, சுமார் 1541–1545, ரெண்டும்.