காயில் அடுப்பில் ஷாக்: பீங்கான் தட்டு மாற்றிய என் அனுபவம்

1000 வாட் காயில் அடுப்பின் உடம்பைத் தொட்டாலே சுரீரென்று ஷாக். பிளக்கைக் கழற்றி ஆறவிட்டுப் பார்த்தேன். பால் பொங்கி வழிந்த பக்கம் பீங்கான் தட்டில் விரிசல்; காயில் உட்காரும் பள்ளத்தின் சுவர் ஒரு விரலகலம் பெயர்ந்து, நிக்ரோம் காயில் (சூடேறும் கம்பிச்சுருள்) தொய்ந்து தகரத்தில் உரசிக்கொண்டிருந்தது. பிளக்குக்குள் எர்த் ஒயரும் கழன்று கிடந்தது. உடம்புக்கு வந்த கரண்ட் எர்த் வழியாக ஓட வழியில்லை; ஃபியூஸ் ஏன் போகவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

எபாக்ஸி வைத்து ஒட்டலாமே என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். அந்தச் சூட்டில் அது கருகிவிடும். பழைய தட்டையே அளவுக்குக் கொண்டுபோய்ப் புதுசு வாங்கினேன்.

காயிலும் புதுசுதான். பழுத்துப் பழுத்து ஆறிய நிக்ரோம் வளைத்தால் ஒடியும். புதுக் காயிலைச் சீராக இழுத்துவிட வேண்டும். சுற்றுகள் நெருங்கிய இடம்தான் முதலில் எரிந்துபோகும். பள்ளத்தின் விளிம்புக்கு மேலே எங்கும் தூக்கி நிற்கக் கூடாது. முனைகள் தகரத்தைக் கடக்கும் இடத்தில் பீங்கான் மணிகள் கோத்தேன். இன்சுலேஷன் டேப் அங்கே உருகிவிடும்.

அப்புறம் எர்த்தை இறுக்கிவிட்டு மல்டிமீட்டர் வைத்தேன். காயில் முனைகளுக்கிடையே சுமார் 53 ஓம்; 230 வோல்ட்டில் 1000 வாட்டுக்கு அது சரி. முனைக்கும் உடம்புக்கும் இடையே எதுவும் காட்டவில்லை, அதாவது காயில் உடம்பைத் தொடவில்லை.