போட்டிப் பிணைப்புச் சோதனைக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஊர் சித்தூர் என்றால், பாலக்காட்டுச் சித்தூரா, ஆந்திரத்துச் சித்தூரா என்று எதிரில் இருப்பவர் கேட்காமல் விடமாட்டார். ஏற்பி என்ற புரதத்தில் பிணைய, கதிரியக்கக் குறியிட்ட லிகண்டும் (பிணையும் மூலக்கூறு) மருந்தும் போட்டியிடும் சோதனையில், ஐசி50 மதிப்பை மட்டும் எழுதி நிறுத்திவிடும் ஆய்வு மாணவர்களிடமும் அப்படித்தான் கேட்க வேண்டியிருக்கிறது: எந்த லிகண்டை, எவ்வளவு செறிவில் வைத்து எடுத்த ஐசி50?

கண்ட இடத்தில் ஒட்டாமல் ஏற்பியிலேயே பிணைந்திருக்கும் கதிரியக்க லிகண்டில் பாதியை விலக்கும் மருந்துச் செறிவே ஐசி50. அது மருந்தின் தனிக்குணம் அன்று. குழாயில் உள்ள லிகண்டின் அளவுக்கேற்ப ஏறி இறங்கும். மருந்தின் நாட்டத்தை, அதாவது ஏற்பியை அது எவ்வளவு இறுகப் பற்றுகிறது என்பதைச் சொல்வது கே-ஐ; 1973-இல் செங், ப்ரூசாஃப் இருவரும் வெளியிட்ட சமன்பாட்டின்படி, ஐசி50-ஐ (1 + லிகண்ட் செறிவு ÷ லிகண்டின் கே-டி) என்பதால் வகுத்தால் அது கிடைக்கும். கே-டி என்பது ஏற்பிகளில் பாதியை லிகண்ட் நிரப்பும் செறிவு; அது 1 நானோமோலார் என்று கொள்வோம். லிகண்ட் 2 நானோமோலார் இருக்கும்போது ஐசி50 60 என வந்தால் கே-ஐ 20. அதே மருந்துக்கு லிகண்டை 0.5 ஆகக் குறைத்தால் ஐசி50 30 ஆகிவிடும், கே-ஐ மாறாது. இரண்டு ஆய்வகங்களின் ஐசி50-களை அப்படியே அருகருகே வைத்து ஒப்பிடுவதுதான் நான் மிக அதிகமாகக் காணும் பிழை.

லிகண்ட் செறிவை ஊகித்து எழுதுவது அடுத்த பிழை. கொழிஞ்சாம்பாறையிலிருந்து வரும் மாணவி ஒருவர், அயோடின்-125 குறியிட்ட லிகண்டுக்குப் புட்டியின் சீட்டில் இருந்த செறிவையே கணக்கில் போட்டிருந்தார். சீட்டின் தேதிக்குப் பின் 60 நாள் ஓடியிருந்தது; அந்த ஐசோடோப்பின் அரை ஆயுளே ஏறத்தாழ அவ்வளவுதான். அரை ஆயுள் 12.3 ஆண்டு உள்ள ட்ரிட்டியத்தில் இந்தத் தொல்லை இல்லை என்றாலும், லிகண்ட் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளக்கூடும் என்பதால், குழாயில் சேர்த்த அளவை அன்றன்றைக்கே கதிரியக்கம் எண்ணும் கவுன்ட்டரில் எண்ணிவிடுவது நல்லது.

சேர்த்த லிகண்டில் பத்து சதவீதத்துக்கு மேல் பிணைந்துவிட்டால், தனித்து நிற்கும் லிகண்டும் சேர்த்த லிகண்டும் ஒன்றே என்ற சமன்பாட்டின் அனுமானம் உடைந்துவிடும். ஏற்பி இருக்கும் சவ்வுப் புரதத்தைக் குறைத்தோ, கன அளவைக் கூட்டியோ சரிசெய்யலாம். கே-டி மதிப்பையும் வேறொருவர் கட்டுரையிலிருந்து எடுக்காமல், உங்கள் சவ்வில், உங்கள் தாங்கு கரைசலில் (பஃபர்), உங்கள் வெப்பநிலையில் அளந்துகொள்ளுங்கள். சோடியம் அயனி இருப்பதும் இல்லாததுமே ஜி-புரதத்தின் வழியே செயல்படும் பல ஏற்பிகளில், ஏற்பியைத் தூண்டும் பொருளான அகோனிஸ்ட்டின் நாட்டத்தை மாற்றிவிடும்.

சமநிலை எட்டாத நிலையில் எடுத்த தரவைச் சமன்பாட்டால் மீட்க முடியாது. கலவையை வைத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். ஐசி50 நகர்ந்தால் முதல் அளவீடு அவசரத்தில் எடுத்தது. போட்டி வளைகோட்டின் செங்குத்தைச் சொல்லும் ஹில் சரிவு 1-இலிருந்து வெகுவாக விலகும்போதும் ஒற்றைக் கே-ஐ எழுதத் துணியக்கூடாது. இரண்டு வகைப் பிணைப்பிடங்கள் இருக்கலாம்.

கடைசியில் சராசரி. கே-ஐ மதிப்புகள் மடக்கை அளவில்தான் சீராகப் பரவுகின்றன. 10, 1000 என்ற இரண்டின் நேர்ச் சராசரி 505. மடக்கையில் எடுத்தால் 100. அதனால் பி-கே-ஐ (மோலாரில் எழுதிய கே-ஐ-யின் எதிர்க்குறி மடக்கை) ஆக மாற்றிச் சராசரி எடுத்து, பிறகு நானோமோலாருக்குத் திரும்புங்கள்.